தவளைக்குக் கண்ணில் கோளாறா? மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கண்ணாடித் தொட்டியில் வளரும் தவளை வாயால் கெட்டு நான் பார்த்ததில்லை, தோலால் கெடத்தான் பார்த்திருக்கிறேன். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் போகிற வழியில் மருந்தும் போகும், சோப்பும் போகும், நம் கையில் தடவிய சன்ஸ்கிரீனும் போகும். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் பாதி கன்னத்தில் வழிந்து உடம்புக்குள் இறங்கிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்லும் ‘செய்யாதீர்கள்’ எல்லாம் ஏன் என்று தானாகவே புரியும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை, பெயர் பச்சையப்பன். நாங்கள் சிட்னியில் இருக்கிறோம். வடக்கே குயின்ஸ்லாந்திலிருந்து வரும் வாழைப்பழப் பெட்டிகளுக்குள் ஒளிந்துகொண்டு, சில தவளைகள் டிக்கெட் எடுக்காமல் இங்கே வந்து இறங்கிவிடும். ‘வாழைப்பழப் பெட்டித் தவளை’ என்றே அவற்றுக்குப் பெயர். நோய் கொண்டுவந்திருக்கலாம் என்பதால் அவற்றைத் திரும்பக் காட்டில் விட முடியாது. கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டு, உரிமம் உள்ளவர்களிடம் வளர்க்கக் கொடுப்பார்கள். அப்படி வந்த ஆள்தான் இது. ஆண் என்று நினைத்துப் பச்சையப்பன் என்று பெயர் வைத்தோம். கண் நோவு வந்து மருத்துவரிடம் போன அன்றுதான் பெண் என்று தெரிந்தது. பெயரை மாற்றவில்லை.

அமெரிக்கா, கனடா கடைகளில் இதே தவளையை ‘ஒயிட்’ மரத்தவளை என்று விற்பார்கள். வெள்ளையாக இருக்கும் என்று தேடாதீர்கள். 1790-இல் இதைப் பற்றி எழுதிய ஜான் ஒயிட் என்ற கப்பல் மருத்துவரின் பெயர் அது. அறிவியல் பெயரிலோ ‘நீலம்’ என்று இருக்கிறது. சாராயத்தில் ஊறவைத்த தவளையின் மஞ்சள் நிறமி கரைந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சியதால் வந்த வினை. சரி, கண்ணுக்கு வருவோம்.

முதலில் பாருங்கள், தொடாதீர்கள்

தவளைக்குக் கீழிமையோடு ஒட்டி, மேலே எழும்பி மூடுகிற ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மூன்றாவது இமை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தூங்கும்போது இது பாதி ஏறி நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் புரை விழுந்துவிட்டது என்று பதறுவார்கள். நான் நேர்மாறாக ஏமாந்தேன். பச்சையப்பனின் இடது கண்ணில் மங்கல் தெரிந்தபோது, ‘தூக்கக் கலக்கம்’ என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். ஆகவே பகலில் முடிவு செய்யாதீர்கள். விளக்கு அணைந்து, தவளை விழித்து நடமாடும் மாலையில் பாருங்கள். சின்ன டார்ச் ஒன்றை முகத்துக்கு நேரே அடிக்காமல், பக்கவாட்டிலிருந்து ஒரு நொடி காட்டுங்கள். நல்ல கண்ணில் ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே புள்ளியாக மின்னும். கருவிழி கீறியிருந்தால் அந்தப் புள்ளி கலைந்து, ஈரத் துணியில் பட்டதுபோல் பரவும்.

இரண்டு கண்ணையும் ஒரே கோணத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ‘நேற்றைவிடப் பரவாயில்லையோ’ என்று மனசு சொல்வதை நம்பாமல் படத்தோடு ஒப்பிடலாம். சமையலறைத் தராசில் எடையும் பாருங்கள். மூடி போட்ட டப்பாவை முதலில் வைத்துச் சுழியமாக்கிவிட்டு அப்புறம் தவளையை உள்ளே விட்டால் போதும். எங்கள் ஆள் அன்று 46 கிராம்.

தெரிகிற அடையாளத்தை வைத்து ஓரளவு காரணத்தை ஊகிக்கலாம். ஒரே கண், திடீர் மங்கல், அடிக்கடி மூடிமூடித் திறக்கிறது என்றால் பெரும்பாலும் கீறலோ தூசியோதான். தேங்காய் நார்த்தூளின் ஒரு இழை கண்ணில் ஒட்டினாலே போதும். இரண்டு கண்ணும் சேர்ந்தாற்போல் மங்கினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள், அல்லது நோய் உடம்பு முழுக்க இருக்கலாம். கொழுத்த, வயசான தவளையின் கருவிழியில் வாரக்கணக்கில் மெதுவாக வெண்ணெய் அப்பியதுபோல் வெள்ளை படர்ந்தால் அது கிருமியே அல்ல, கொழுப்புப் படிவு. பச்சை மரத்தவளைக்கு இது வருவதுண்டு. எலிக்குஞ்சு கொடுத்து வளர்ப்பவர்கள் இதை அதிகம் பார்ப்பார்கள். இதற்குச் சொட்டு மருந்து விட்டுப் பயனில்லை. இமை வீங்கி, கூடவே இரையைக் குறிபார்த்து நாக்கை நீட்டியும் பிடிக்க முடியாமல் தவித்தால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். அதற்கு மருந்து கண்ணில் இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது.

வீட்டு வைத்தியம் வேண்டாத நேரம்

தொடையின் உட்புறமோ வயிறோ சிவந்திருந்தால், உடம்பு ஊதியிருந்தால், கண் பிதுங்கியிருந்தால், கண்ணுக்குள் சீழோ இரத்தமோ தெரிந்தால், கவிழ்த்துப் போட்டாலும் திரும்பாமல் கிடந்தால், இதற்கு மேல் படிக்க வேண்டாம். அன்றைக்கே ஊர்வன, நீர்நில வாழ்விகள் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். தண்ணீரில் சாதாரணமாக இருக்கும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலந்துவிட்டால் தவளை சில நாளில் போய்விடும். அங்கே கண் வெறும் ஜன்னல்தான்.

ஒற்றைக் கண் மங்கல், தவளை சுறுசுறுப்பாக இருக்கிறது, சாப்பிடுகிறது என்றால் 48 மணி நேரம் வீட்டில் பார்க்கலாம். அதற்குள் தெளியத் தொடங்கவில்லை என்றால் மருத்துவர்தான். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர் சிலர் தவளை என்றதும் சிரித்துவிடுவார்கள். எனக்கும் ஒரு இடத்தில் அது நடந்தது. கோபப்படாமல் வேறு இடம் தேடுங்கள். நோய் வரும் முன்பே அந்த போன் எண்ணைத் தேடி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

தனிக் கூடம்

சிகிச்சையில் பாதி இதுதான். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் துளையிடும்போது உள்ளிருந்து வெளியே குத்துங்கள். வெளியிலிருந்து குத்தினால் கூரான பிசிறு உள்பக்கம் நிற்கும், இரவில் தாவுகிற தவளை அதில்தான் போய் முட்டும்.

அடியில் மணமும் அச்சும் இல்லாத வெள்ளை கிச்சன் டவல், நனைத்துப் பிழிந்து விரிக்க வேண்டும். மண், பாசி, நார்த்தூள், கூழாங்கல் எதுவும் கூடாது. ஒரு ஓரத்தில் ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். ஒளிந்துகொள்ள, ஓரம் மழுங்கிய பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைப் பாதி சாய்த்து வையுங்கள். ஒளிய இடமில்லாத தவளை கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கும். சூடு பச்சை மரத்தவளைக்கு 24 முதல் 28 டிகிரி. கொம்புத் தவளையோ வேறு இனமோ வைத்திருப்பவர்கள் அதனதன் அளவைப் பின்பற்றுங்கள். புற ஊதா விளக்கை இந்த நாட்களில் அணைத்துவிடுங்கள். நோகும் கண்ணுக்கு வெளிச்சமே உபத்திரவம்.

டவலைத் தினமும் மாற்ற வேண்டும், எச்சம் போட்டால் உடனே. தவளையின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணை அரிக்கும். வெங்காயம் நறுக்கும்போது நமக்கு எரியும் அல்லவா, அதை இருபத்து நான்கு மணி நேரமும் வைத்துக்கொண்டு படுத்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். லேசான எரிச்சல் இந்த டவல் மாற்றலிலேயே சரியாகிவிடுவது உண்டு.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று நம் ஆட்கள் மீன் தொட்டிக்கு வழக்கமாகச் சொல்வார்கள். குளோரினுக்கு அது ஓரளவு சரி. ஆனால் பல நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோராமின் கலக்கிறார்கள், அது எளிதில் பறக்காது. மீன் கடையில் கிடைக்கும் நீர் சீராக்கியை, இரண்டையும் நீக்கும் என்று சீட்டில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி, சொன்ன அளவில் கலந்து பயன்படுத்துங்கள்.

‘அப்படியென்றால் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் சுத்தமாயிற்றே’ என்று ஒரு யோசனை வரும், எனக்கும் வந்தது. உப்பே இல்லாத தண்ணீர் தவளைக்கு ஆகாது. இதில் ஒரு கதை இருக்கிறது. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்பு நீரில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, டிஸ்டில்டு வாட்டரில் கலக்கியிருக்க வேண்டியதை உதவியாளர் குழாய்த் தண்ணீரில் கலக்கியிருக்கிறார். தூய நீரில் கலக்கிப் பார்த்தால் துடிப்பு நின்றுபோகிறது. குழாய் நீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. அப்படிப் பிறந்ததுதான் ரிங்கர் கரைசல். ஆஸ்பத்திரியில் நமக்கு ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டில் அதன் வாரிசு. தவளைக்கு நாம் பட்ட கடன் அது.

கண்ணைக் கழுவுவது

மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய சலைன், ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் கிடைப்பது நல்லது. சீட்டில் சோடியம் குளோரைடு 0.9 சதவீதம், தண்ணீர், இவை இரண்டு மட்டுமே இருக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் சலைன் அல்ல. 0.9 நம் இரத்தத்தின் உப்பு அளவு. தவளைக்குரியது அதைவிடக் குறைவு, ஏறக்குறைய 0.65. ஆகவே கண்ணில் சில சொட்டு விட்டுக் கழுவ இது சரி, தவளையை இதில் ஊறவைப்பது சரியல்ல. குளிரூட்டியிலிருந்து எடுத்த குப்பியை அப்படியே விடாமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் விடுங்கள்.

கையைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பவுடர் இல்லாத கையுறை போட்டு, கையுறையைச் சீராக்கிய நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை தவளையின் தோலிலுள்ள வழவழப்பை உரித்துவிடும். தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், தாவி விழுந்தால் அடிபடாது. உள்ளங்கையில் தவளையை உட்கார வைத்து, கட்டைவிரலை முதுகின் மேல் லேசாக, மூடிபோல் வைத்தால் போதும். இறுக்கக் கூடாது. பயந்தால் கையிலேயே சிறுநீர் விடும், அது இயல்பு. குப்பியைக் கண்ணில் படாமல் விரல் அளவு மேலே பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக நான்கைந்து சொட்டு ஓட விடுங்கள். கண் உள்ளே அமுங்கி, சவ்வு ஏறி மூடும். காத்திருங்கள். மீண்டும் திறக்கும்போது ஒட்டியிருந்த தூசி பெரும்பாலும் ஓரத்துக்கு வந்திருக்கும், இன்னும் இரண்டு சொட்டில் போய்விடும். வராவிட்டால் பட்ஸாலோ இடுக்கியாலோ தோண்டாதீர்கள். அது மருத்துவர் வேலை.

வழிந்த நீரைக் கன்னத்திலிருந்து காஸ் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு டப்பாவில் விடுங்கள். இப்படி நாளைக்கு இரண்டு முறை. அதற்கு மேல் கையில் எடுத்தால் கழுவுகிற நன்மையைப் பயம் தின்றுவிடும்.

மருந்து

வீட்டிலிருக்கும் எதையும் விடாதீர்கள். சிவப்பைப் போக்கும் மனிதக் கண் சொட்டு, பன்னீர், தேன், மஞ்சள், எதுவும் வேண்டாம். நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா, ‘நந்தியாவட்டைப் பூவைத் தண்ணியில் போட்டு வைத்து ஒற்றேன்’ என்றார். சிட்னியில் நந்தியாவட்டைக்கு எங்கே போவது என்று தப்பித்தேன்.

களிம்பு வாங்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வலி நிவாரணி சேர்ந்தது கூடாது. லிடோகெயின், பென்சோகெயின் என்று ‘கெயின்’ என முடிகிற பெயர் சீட்டில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பென்சோகெயின் ஜெல் நமக்கு ஈறு வலிக்குத் தடவுவது. தவளைக்கோ, பிழைக்காது என்று ஆன பின் வலியில்லாமல் உயிரை முடித்துவைக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது அதே ஜெல்தான். இன்னொன்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு. கருவிழியில் கீறல் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாமல் ஆழமாகிவிடும். கீறல் இருக்கிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் ஆரஞ்சு நிறத் தாள் துண்டு ஒன்றை ஈரமாக்கிக் கண்ணில் தொட்டு, அறை விளக்கை அணைத்து, நீல ஒளி அடிப்பார். பச்சையப்பன் கண்ணில் அன்று ஒரு மெல்லிய கோடு, மின்மினிபோல் பச்சையாக ஒளிர்ந்தது. நகம் கீறிய அளவுகூட இல்லை, அதற்குள் கிருமி ஏறியிருந்தது.

எங்களுக்கு எழுதிக் கொடுத்தது ஆன்டிபயாடிக் சொட்டு, நாளைக்கு மூன்று முறை, பத்து நாள். உங்களுக்கு எழுதுவது வேறாக இருக்கலாம், என் கணக்கைப் பின்பற்றாதீர்கள். போடும் விதத்தை மட்டும் சொல்கிறேன். பாட்டில் விடும் ஒரு சொட்டு நம் கண்ணுக்கு அளந்தது, 46 கிராம் உடம்புக்கு அது வாளித் தண்ணீர். மருத்துவர் சொன்னபடி நான் ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் இழுத்து, நுனியில் தொங்கும் மிகச் சிறிய துளியைக் கண்ணில் தொட்டும் தொடாமலும் வைப்பேன். ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருப்பேன். அப்புறம் காஸில் மீதியை ஒற்றி எடுத்து, கிண்ணத்தில் இறங்காதபடி கோப்பைக்குப் பக்கத்தில் விடுவேன். சலைன் கழுவுவது மருந்துக்கு முன்னால்தான், பின்னால் கழுவினால் மருந்தும் சேர்ந்து போய்விடும்.

நான்காம் நாள் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்திவிடலாம் என்று கை துறுதுறுத்தது. நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மறுபடி தலைதூக்கலாம்.

சாப்பாடு

வளர்ந்த தவளை சில நாள் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். ஒரு கண் மூடியிருந்தால் தூரம் பிடிபடாமல் குறி தவறும். முனை மழுங்கிய இடுக்கியில் மண்புழுவைப் பிடித்து, நல்ல கண் பக்கமாக ஆட்டிக் காட்டுங்கள்.

அது விழுங்கும்போது கவனியுங்கள். தவளை விழுங்கக் கண்ணையும் பயன்படுத்துகிறது. இரண்டு கண்ணும் மண்டைக்குள் அமுங்கி, மேலண்ணத்திலிருந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளும். நோயுள்ள கண் மட்டும் அமுங்காமல் நின்றாலோ தயங்கினாலோ அங்கே வலி இருக்கிறது என்று அர்த்தம். டார்ச்சைவிட எனக்கு இந்தச் சோதனைதான் பிடித்தது.

கிரிக்கெட் பூச்சியை இந்த டப்பாவுக்குள் விட்டு வைக்காதீர்கள். தின்னப்படாத பூச்சி இரவில் தவளையையே கடிக்கும், கண் ஓரம் ஈரமாக இருப்பதால் அங்கேயே போகும்.

தொட்டியில் குற்றவாளியைத் தேடுங்கள்

கண் ஆறியதும் பழைய தொட்டியில் விட்டால் பழைய கதைதான். பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிளை, பிளாஸ்டிக் இலை, மூடியின் வலை எல்லாவற்றின் மேலும் தடவிப் பாருங்கள். எங்கே நூல் இழுபடுகிறதோ அங்கே கண்ணும் இழுபடும். எங்கள் தொட்டியில் அழகுக்கு வைத்த திராட்சைக் கொடியின் ஒடிந்த முளை ஒன்றில் காலுறை மாட்டியது. அது தாவி இறங்குகிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. வைத்தவன் நான்தான்.

தொட்டியைப் பத்துக்கு ஒரு பங்கு பிளீச் கலந்த நீரில் கழுவி, வாசனை முற்றிலும் போகும்வரை அலசி, வெயிலில் காயவிட்டேன். கொடியும் நார்த்தூளும் குப்பைக்குப் போயின. கழுவிய நீரையும் டப்பா நீரையும் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். உலகமெங்கும் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் கைட்ரிட் பூஞ்சை நீர் வழியாகப் பரவுவது. பிளீச் கலந்து கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். சமையலறைத் தொட்டியில் மட்டும் வேண்டாம், நமக்கு வயிற்றுப்போக்கை வரவழைக்கும் சால்மோனெல்லா கிருமியைத் தவளைகள் சுமக்கும்.

பதினோராம் நாள் மீண்டும் நீல ஒளி. கோடு இல்லை. எடை 45. அன்றிரவு பச்சையப்பன் மூன்று மண்புழுவை விழுங்கியது, இரண்டு கண்ணும் ஒன்றுபோல் அமுங்கி எழுந்தன. மீதி மருந்து பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. திறந்த கண் சொட்டு பெரும்பாலும் நான்கு வாரம்தான் தாங்கும். அடுத்த முறைக்கு ஆகும் என்று குளிரூட்டியில் எடுத்து வைக்காமல், மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.